புறா வலை

அன்புள்ள பத்ரிக்கு,

அம்மாவின் திவசத்துக்கு நீ வராததில் எனக்குக் கோபமில்லை. “செத்தவங்க சாப்பிட மாட்டாங்கப்பா” என்று போனில் சொன்னாய். சரிதான். காரணம் கேட்காமல் எதையும் நம்பாதே என்று உன்னை வளர்த்தவனே நான்தானே.

கல்லூரியில் தத்துவம் நடத்திய காலத்திலும், பகுத்தறிவின் எல்லைகள் என்ற பாடத்தை மட்டும் பரீட்சைக்கு முந்தின வாரம் அவசரமாக முடித்துவிடுவேன்.

அன்று நம்பிக்கையில்லாமல்தான் நானும் பால்கனியில் சோறு வைத்தேன். புறா வராமலிருக்கக் கட்டிய வலைக்கு வெளியே ஒரு காகம் உட்கார்ந்து சோற்றையே பார்த்தது. கத்தரிக்கோலை எடுத்து வலையை வெட்டினேன். அது பயந்து பறந்தது. “வல்லி, போயிடாதடி!” என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன்.

இப்போது எங்கள் சிஞ்ச்வட் பேட்டைப் புறாக்களெல்லாம் நம் வீட்டுக்குள்தான். ஓட்டையை ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று அடுக்குமாடி சொசைட்டி செக்ரெட்டரி கேட்கிறார்.

நீயாவது காரணம் கேட்காதே.

உன்
அப்பா