வலது காலில் கியர்

தாராவி, மும்பை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாபு,

நீயும் கோகிலவாணியும் அங்கே நலம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி குறையவில்லை. இடித்துக் கட்டுவதற்காக வீடுகளை அளக்க வந்தவர்கள் கீழ்வீட்டுக் கதவில் எண் எழுதிப் போனார்கள். மாடியில் இருக்கும் எங்களுக்கு என்ன என்று கேட்டதற்கு, "பாத் மே தேக்கேங்கே", பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். போனில் அனுப்பினால் உன் மனைவி கோகிலவாணி கண்ணில் படும், அதனால் தாளில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டியாவது முழுவதும் படி.

பர்மிங்ஹாமிலிருந்து நீ அனுப்பிய படம் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நம்முடையது போலவே அதே பச்சை பிஎஸ்ஏ பேண்டம் மோட்டார் சைக்கிள். அது பிறந்த ஊரில் நீ நிற்கிறாய். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன்.

குர்லா காயலான் கடையிலிருந்து நம் வண்டியைக் கைவண்டியில் தள்ளிவந்தோமே, அப்போது அதில் டயரும் இல்லை, சீட்டும் இல்லை. கிடைக்காத பாகங்களை எட்டு மாதம் என் லேத்தில் கடைந்தேன். பெட்ரோலில் ஆயில் கலக்க, நீ ஹேண்டிலையும் நான் பின்பக்கத்தையும் பிடித்துக் குலுக்குவோம். "க்யா பாய், பச்சா ஸோ கயா?" என்று, ஏதோ நாம் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, பம்ப்காரர் கேலி செய்வார். கிங்ஸ் சர்க்கிளில் இட்லி, அப்புறம் செம்பூர், வாஷி பாலம். பாலத்து மேட்டில் அந்தச் சின்ன எஞ்சின் இரண்டு பேரை இழுக்காது. "இறங்குல முத்து, வண்டி அழுவுது" என்பாய். இறங்கி ஓடுவது எப்போதும் நான்தான். அன்றைக்கு அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

எனக்கு ஒழுங்கான முகவரிச் சான்று இல்லாததால் ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் ஏறியது. அந்த ஒரு பெயரை வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வண்டியை உன் மாட்டுங்கா மைத்துனருக்கு என்று சொல்லிவிட்டாய்.

ஞாயிறு காலை அந்த மைத்துனர் பிரம்மநாயகம் வந்தார். தார்ப்பாயை விலக்கியதும், "வாவ், ஹெரிடேஜ் பீஸ்! இவ்ளோ நாள் பார்த்துண்டதுக்கு தேங்க்ஸ் பாய்" என்றார். பார்த்துக்கொண்டேனாம். வாட்ச்மேனுக்குச் சொல்வதுபோல. வீட்டு ஹாலில் விளக்குப் போட்டு நிறுத்தப் போகிறாராம். பாபு, எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர் படுக்கும் இடத்தைவிட அவர் அந்த வண்டிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் பெரிது.

ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன் என்றார். பெட்ரோல் குழாயைக் காட்டினேன். கிக்கரைக் காட்டினேன். முதல் கியரை நானே குனிந்து கையால் போட்டு, கிளட்சை மட்டும் விடுங்கள் என்றேன். இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறாக, இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறக்கவில்லை. சொல்லவில்லை.

தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு டெம்போ சட்டென்று நின்றது. அவர் வலது காலால் ஓங்கி மிதித்தார். கியர்தான் மாறியது. வண்டி போய் மோதியது. அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம், "பாவம், உங்க மேல தப்பில்ல பாய், பழைய வண்டி" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்று கோகிலவாணி உன்னிடம் சொல்லியிருப்பார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் போட்ட பிரேக் அது.

நேற்று ஹெட்லைட்டை நிமிர்த்திவிட்டேன். கட்டு பிரித்ததும் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்கிறாராம். அதற்குள் அவரிடம் போய் உண்மையைச் சொல்வேன். சொன்ன பிறகும் அவருக்கே கொடு என்று நீ சொன்னால் கொடுக்கிறேன். ஆனால் அதை மைத்துனர் மூலம் சொல்லாதே, நீ என்னிடம் சொல்.

பாலத்து உச்சியில் எஞ்சினை அணைக்காமல் எனக்காக நிற்பாயே. நான் இன்னும் மேட்டில்தான் ஓடி வருகிறேன். ஒரு தடவை திரும்பிப் பாருல.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
முத்துசெல்வம்