ஆறுதலா ஓடும்

நேற்று உம்முடைய மகளை என் வண்டியில் கிரான்பர்ன் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அவள் பாதுகாப்புப் பட்டியை முழுநீளத்துக்கும் இழுத்தபோது, உள்ளே சுருண்டிருந்த பகுதியிலிருந்து சிவப்புத் தூள் அவளுடைய வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது. தட்டத் தட்டப் பரவியது. என்ன இது என்று கேட்டாள். உன் அம்மா விட்டுப்போன குப்பை என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உமக்காக நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் உம்மைத் தங்கமானவர் என்றார்கள். என்னையும் பேச அழைத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால், நீர் தொலைபேசியில் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல்லை எந்தப் பொருளில் சொன்னீர் என்று உம் படத்தைப் பார்த்தே கேட்டிருப்பேன்.

அந்தச் சொல் நமக்குள் வந்த இடம் உமக்கு நினைவிருக்கும். மலையேறும், மணலில் நீந்தும் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி என் கணவர் இந்த வண்டியை வாங்கினார். கடைசிவரை கோயிலுக்கும் கடைக்குமே ஓட்டினார். அவர் காலமானபின் நான் விற்கப் புறப்பட்டபோது, “விக்காதீங்கக்கா, ஒரு தடவயாவது அத மண்ணுல இறக்கிப் பாப்போம்” என்றீர். ஓய்வுபெற்ற மதுரைக் கணக்காளர் ஒருவரும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் புவியியல் ஆசிரியை ஒருத்தியும் பாலைவனத்துக்குப் போவதா என்று நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கலங்கினார்கள். நாம் போனோம்.

பாலைவன நடுவிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேற்கே தார்ச்சாலை முடிந்தது. பாதை இறங்கி வறண்ட ஆற்றுக்குள் புகுந்தது. இருபுறமும் சிவந்த பாறைச் சுவர்கள். அவற்றின் வெடிப்புகளில் வெள்ளைத் தண்டோடு யூக்கலிப்டஸ் மரங்கள். குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கிறது என்று உருகினீர். அது இரும்பு, துருப்பிடித்திருக்கிறது என்றேன். “உங்க கூட வந்தா சாமியே துருப்பிடிச்சிரும்க்கா” என்றீர்.

நான் உம்மை ‘நீர்’ என்று அழைத்தது உமக்கு எப்போதும் வேடிக்கை. நாடகத்தில் ராஜாவைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்பீர். எங்கள் யாழ்ப்பாணத்தில் சமமானவர்களை மரியாதை குறையாமல் அப்படித்தான் அழைப்போம் என்று பலமுறை விளக்கியிருந்தேன். ஆனாலும் வழியில் ஒரு பாறைப் படியின் விளிம்பில், நீர் ஓட்ட, வண்டியின் மூக்கு ஆற்றுமணலை நோக்கிச் சாய்ந்திருந்த வேளையில், நான் “ஆறுதலா ஓடும்” என்று சொன்னது உம் காதில் வேறாக விழுந்தது. மெதுவாக ஓட்டும் என்று எங்களூர்ப் பேச்சில் நான் சொன்னேன். கவலை வேண்டாம், வண்டி ஓடிவிடும் என்று நான் தேற்றுவதாக நீர் எடுத்துக்கொண்டு முடுக்கியை அழுத்தினீர். வண்டி படியிலிருந்து பாய்ந்து அச்சுவரை மணலில் புதைந்தது.

மண்வெட்டி எடுத்துவர நமக்குத் தோன்றவில்லை. குக்கர் எடுத்துவரத் தோன்றியிருந்தது. சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, குக்கர் மூடியாலும் தோசைக் கரண்டியாலும் மணலைத் தோண்டினோம். தொலைபேசிக்குத் தொடர்பு இல்லை. குடிதண்ணீர் பின்னிருக்கையில் வெந்நீராகிக்கொண்டிருந்தது. நான் உம்மை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீர் மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தீர். “நீங்கதானக்கா ஓடும்னீங்க. ஓடுச்சு.” பொழுது சாயும் நேரத்தில் வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியபோது, நம் இருவருக்கும் தலைமுதல் கால்வரை ஒரே நிறம்.

அதன்பின் அந்தச் சொல்லை நீர் விடவில்லை. தேநீரை ஆறுதலாகக் குடித்தீர், தொலைபேசியை ஆறுதலாக வைத்தீர். நோய் வந்தது. ஒரு வியாழக்கிழமை நான் அழைத்து, வரட்டுமா என்று கேட்டேன். “ஆறுதலா வாங்கக்கா” என்றீர்.

எங்களூர்ப் பொருளில் எடுத்துக்கொண்டேன். குசினியில் அடுப்புச் சுவருக்கு வர்ணம் பூச ஆள் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நோபல் பார்க்கில் என் வீட்டிலிருந்து உம் வீடு அரை மணி ஓட்டம். சனிக்கிழமை நீர் போய்விட்டீர். அன்றுமுதல் ஒரே கேள்விதான். உம்மூர்ப் பொருளில் கேட்டிருந்தீரோ, எனக்கு ஆறுதலாக வாருங்கள் என்று? அப்படியானால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பொருளுள்ள சொல்லைச் சாகக் கிடப்பவர் பயன்படுத்தக் கூடாது.

நேற்றுப் பதில் கிடைத்தது. சுற்றுச்சந்தியில் நான் சற்று வேகமாகத் திரும்பியபோது, “ஆறுதலா ஓட்டுங்க, ஆன்ட்டி” என்றாள் உம் மகள். இந்தச் சொல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“அம்மா வீட்ல எப்பவும் சொல்லுவாங்க. ஸ்லோன்னுதானே அர்த்தம்? தப்பா?”

தப்பில்லை என்றேன். கொஞ்ச தூரம் போனபின், வெளியே பார்த்தபடி அவளே சொன்னாள். அந்த வாரம் நீர் யாரையும் வீட்டுக்குள் விடவில்லையாம். மற்றவர்களுக்கு நேராகவே வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னீராம். “‘அக்காகிட்ட மட்டும் அப்படிச் சொல்ல முடியாது, சண்டைக்கு வந்துருவாங்க, நானே சொல்லிக்கிறேன்’னாங்க.”

ஆக, தெரிந்துதான் சொல்லியிருக்கிறீர். அவகாசம் இல்லையென்று அறிந்துகொண்டே, அவசரமில்லை என்று, என் சொல்லைக்கொண்டே என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறீர். அந்த உரிமையை உமக்கு யார் தந்தது? ஆம், சண்டைக்கு வந்திருப்பேன். முடி கொட்டிய தலையைப் பார்த்து அழுதுவிடுவேன் என்று பயந்தீரா? நீர் குங்குமம் என்றதைத் துரு என்றவள் நான். மெலிந்துபோனீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்திருப்பேன். அச்சுவரை புதைந்த வண்டியை விட்டு அன்று நான் எங்கே போனேன்?

உம் மகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினேன். பட்டி இருக்கையில் அப்படியே தொங்குகிறது; தூளும் அதன் மடிப்பில் இருக்கிறது. கோபம் ஆறியபின் துடைக்கலாம் என்று விட்டிருக்கிறேன். எனக்கு அவசரமில்லை. அது ஆறுதலாகவே ஆறட்டும்.