இரண்டு சிவப்பிகளில் ஒன்று

கொட்டாஞ்சேனை
சனிக்கிழமை காலை

அன்புள்ள மேபல்,

இந்தக் கடிதத்தைச் சாமினி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வாசியும். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தாலும் சரி. முன்வீட்டு ராகுலன் நாளைக்கு மெல்பேர்ண் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உமது கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். "அங்கிள், வட்ஸ்அப்பில போட்டா ஒரு செக்கன்ட் வேலை" என்று சிரிக்கிறான். வட்ஸ்அப்பில் போடக்கூடிய விஷயம் என்றால் நான் ஏன் இந்த வெயிலில் கடித உறை தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்? உமது போனுக்கு என்ன வந்தாலும் மகள்தானே திறந்து உமக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

பயப்பட வேண்டாம். மனிதரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எனக்குப் பிரஷர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நடந்தது கோழிக்கு. சுற்றி வளைத்து எழுதப் பார்த்தேன், வரவில்லை. உமது இரண்டு சிவப்பிகளில் ஒன்றை நாய் பிடித்துக்கொண்டு போய்விட்டது. போனது அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட கோழியா, மற்றதா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதியாயிற்று. உமது முகம் இப்போது எப்படி இருக்கும் என்று இங்கிருந்தே தெரிகிறது. முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு ஏசும்.

எல்லாம் அந்தக் கோதாரி உண்ணியால் வந்தது. நீர் போய் இரண்டாம் மாதம் கோழிகள் ஐந்தும் ஒரு மாதிரி ஆகிவிட்டன. கொண்டை வெளிறிப்போய், முட்டையும் குறைந்து, பகல் முழுக்கச் சுவரோரம் தூங்கி விழுந்தன. செட்டையைத் தூக்கிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பொப்பியின் காதுக்குள் பார்த்தால் கொத்தமல்லி கொட்டினது மாதிரி உண்ணி. நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினேன். நாயில் இருந்துதான் கோழிக்கு ஏறுகிறது என்று முடிவு கட்டி, பொப்பியைப் பின்வளவுப் பக்கமே விடாமல் முன்விறாந்தையில் சங்கிலி போட்டேன். பதினொரு வருஷம் பின்கேற்றில் படுத்த நாய். இரண்டு நாள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு மிருக வைத்தியர் சொன்னார், நாயுண்ணி வேறு, கோழியுண்ணி வேறாம். கோழியுண்ணி பகலில் கூட்டுப் பலகை வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து, இருட்டினதும் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிடுமாம். அதனால்தான் பகலில் கோழியில் தேடினால் அகப்படுவதில்லை, குஞ்சுகள் மட்டும்தான் சில நாள் கோழியிலேயே ஒட்டிக்கிடக்குமாம். பொப்பியின் பிடரியில் ஊற்றுவதற்கு ஒரு மருந்து தந்தார். "பாவம், நாயை ஏன் அங்கிள் தண்டிச்சனீங்கள்?" என்றும் கேட்டார். ஆனால் இது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்த அறிவு.

அதற்கு முன்னம் நான் போனது புறக்கோட்டைக்கு, கோழித் தீன் விற்கிற ஷரீபின் கடைக்கு. அவர் ஒரு பவுடரைத் தந்து, "கோழிக்குப் போட்டா மட்டும் காணாது அங்கிள், கூட்டையும் பாருங்க" என்றார். கூட்டைப் பலகை பலகையாகக் கழற்றிக் கொதிதண்ணீர் ஊற்ற வேண்டுமாம். வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்துப் பூசி இரண்டு நாள் வெயிலில் காய விட வேண்டுமாம். கால்களையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நீர் சிவப்பியின் காலில் கட்டிவிட்ட பழுப்பு ரிபனுக்குக் கீழே, காலைச் சுற்றி, உண்ணிக் குஞ்சுகள் மொய்த்துப்போய் இருந்தன.

அந்த ரிபனை எதற்குக் கட்டினீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, மேபல். சாமினிக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போன பிறகு, மூன்றாவது என்று அவள் சொன்ன அன்றைக்கே நீர் இந்தக் கோழியைப் பிடித்து, பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் இதை அந்தோனியார் கோவிலில் கொடுப்பேன் என்று நேர்ந்தீர். இனி இது எங்களுடைய கோழி இல்லை என்றீர். இதன் முட்டையைக்கூடப் பொரிக்கவிடவில்லை. நான் சிரித்தேன். அந்தோனியாருக்கு முட்டை பிடிக்குமா என்றும் கேட்டேன். நீர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்த ரிபனை வெட்டி அடுப்பில் போட்டது நான்தான். பவுடர் போட்ட கையோடு புதிதாக ஒன்று கட்டலாம் என்றுதான் நினைத்தேன். முப்பத்துநான்கு வருஷம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி எண்ணிப் பதிகிற டெலி கிளாக்காக நின்றவன். மார்க் அழிந்த பெட்டியைக் கப்டனே வந்து கெஞ்சினாலும் வெளியே விடாதவன். அப்படிப்பட்டவன் தன் வீட்டுப் பின்வளவில், தன் கையால் மார்க்கை வெட்டி எறிந்திருக்கிறான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, குப்புற விழுந்தது.

இரண்டு சிவப்பிகளையும் ஒரே பேசினுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நீங்கள்தான். சாமினி ஸ்கான் படத்தைப் பிடித்துக் காட்டி, "பாருங்கோ அப்பா, மூக்கு உங்கட மூக்கு" என்றாள். எனக்கு மூக்கும் தெரியவில்லை, முழியும் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. கதைத்து முடித்துத் திரும்பினால் இரண்டும் பேசினை விட்டு இறங்கி, உடம்பெல்லாம் பவுடரோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று என்னைப் பார்க்கின்றன. ஒரே அடையில் பொரித்தவை. ரிபன் கிடந்த கால் எது என்று குனிந்து பார்த்தேன். நான்கு காலும் ஒரே மாதிரி. சரி, மேபலைக் கேட்டால் சொல்லுவா என்று விட்டேன். கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் கேட்கவும் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூடு துண்டு துண்டாக வெயிலில் காய்கிறது. கோழிகளை இரண்டு பிரம்புக் கூடைகளால் மூடி, மேலே ஒவ்வொரு செங்கல் வைத்தேன். பின்கேற்றைக் கொளுவினேன். கொளுவினேன் என்றுதான் நினைவு, இப்போது அதுவும் சந்தேகமாகிவிட்டது. பிறகு கொச்சிக்கடைக்கு வெளிக்கிட்டேன். உமக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீர் பிளேன் ஏறின நாளில் இருந்து ஒரு செவ்வாய் தவறாமல் அந்தோனியாரிடம் போகிறேன். சாமினியின் பெயரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்துகிறேன். சிரித்தவன் போய் நிற்கிறான் என்று நீர் இப்போது சிரிக்கலாம்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தால் பொப்பி முன்விறாந்தையில் சங்கிலியை இழுத்து இழுத்துக் குரைக்கிறாள். பின்னால் ஒரு கூடை புரண்டு கிடக்கிறது. வெள்ளைக் கோழிகள் இரண்டும் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே. மற்றக் கூடைக்குள் புள்ளிக்காரியும் ஒரு சிவப்பியும் பத்திரமாக இருந்தன. மற்றச் சிவப்பி இல்லை. கேற் வரைக்கும் சிவப்பு இறகு கிடந்தது. பொப்பி வழக்கம்போலப் பின்கேற்றில் படுத்திருந்தால் ஒரு நாய் உள்ளே கால் வைத்திருக்குமா? அவளைக் கட்டிப்போட்டதும் நான்.

பக்கத்து அம்னா மேல்மாடியில் நின்று பார்த்திருக்கிறாள். எங்கள் ஒழுங்கையின் மஞ்சள் பெட்டைநாய்தான் கௌவிக்கொண்டு ஓடினதாம். நீர் தினமும் பத்து மணிக்கு மீன்தலையும் சோறும் போட்டு வளர்த்தீரே, அதேதான். நீர் போனதும் நான் அந்தச் சோற்றை நிறுத்திவிட்டேன். போடாவிட்டால் தெருநாய்கள் வேறு இடம் பார்க்கும் என்று நினைத்தேன். அவை வேறு இடம் பார்க்கவில்லை, பத்து மணிக்குக் கேற்றடிக்கு வருவதையும் நிறுத்தவில்லை. சோறு போட்டுப் பழக்கின உம்மில் பிழையா, நிறுத்தின என்னில் பிழையா? நான்கு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. நகரசபைக்குப் போன் எடுத்தேன். நாய்களுக்கு ஊசி போட வருவார்களாம், பிடித்துக்கொண்டு போவது தங்கள் வேலை இல்லையாம்.

அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு பொல்லை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடிவு வரைக்கும் போனேன். அங்கே ஓடாமல் நிற்கிற பழைய லொறிக்குக் கீழே அந்தப் பெட்டை படுத்திருந்தது. நான்கு குட்டி, கண் திறக்கவில்லை, முட்டி முட்டிப் பால் குடிக்கின்றன. விலா எலும்பை எண்ணலாம். என்னைக் கண்டு உறுமினது, எழும்பவில்லை. பொல்லைத் தூக்கினேன், பிறகு இறக்கினேன். வீட்டுக்கு வந்து சோறு குழைத்துக் கொண்டுபோய் வைத்தேன். என் கோழியைத் தின்ற நாய்க்கு நானே சோறு போடுகிறேன், மேபல். அந்தோனியார்தான் தன்னுடைய கோழியை எடுத்து ஒரு பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தாரோ என்று ஒரு நினைப்பு வருகிறது. அப்படி நினைத்தால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. அடுத்த நிமிஷம், ஹியூபேட், உனக்கு விசர் என்று தோன்றுகிறது.

ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கோவில் சுவாமியிடம் போய் ஒப்புவித்தேன். "அந்தோனியார் கோழிக்கு ரசீது கேக்கிறவர் இல்லை ஹியூபேட், பசிச்ச ஆருக்கும் சாப்பாடு குடுங்கோ" என்றார். அம்னா, "நிய்யத் தான் அங்கிள் பெரிசு, நீங்க நெனச்சது படச்சவனுக்குத் தெரியும் தானே" என்றாள். ஷரீப், அதே நிறத்தில் ஒன்று பார்த்துத் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறார். வாங்கின கோழியை நேர்ந்த கோழி என்று கொடுத்தால் மனிதர் நம்புவார்கள், அந்தோனியார் நம்புவாரா? மூன்று பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தனியே இருந்தால் ஒன்றுமே சரியாக இல்லை.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். வியாழக்கிழமை நீங்கள் எடுத்தபோது சாமினி வழக்கம்போல, "அப்பா, என்ட கோழி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி லாபில் வேலை செய்கிற பிள்ளை, இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மெஷினில் பார்க்கிறவள், அந்தக் கோழியைக் கேட்கும்போது குரல் எப்படிச் சின்னதாகிவிடுகிறது என்று கவனித்தீரா? இருந்த சிவப்பியைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். ரிபன் எங்கே என்று கேட்டாள். அழுக்காகிவிட்டது, தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். "நல்லாக் கொழுத்திருக்கு" என்று சிரித்தாள்.

நீர் அவளுக்குப் பின்னால் நின்றீர். கோழியைப் பார்த்தீர், பிறகு என்னைப் பார்த்தீர். அப்படியே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டீர். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்துகொண்டு போனீரா, கறி அடிப்பிடிக்கிறது என்று போனீரா?

மற்ற வேலைகளில் குறை வைக்கவில்லை. கூடு காய்ந்து, பூட்டி, பழைய இடத்தில் வைத்தாயிற்று. நாய் தோண்டும் என்பதால் சுற்றிவர ஒரு அடி அகலத்துக்குக் கம்பிவலையை மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். கேற்றுக்கு மேலும் கீழும் இரண்டு கொளுக்கி. பொப்பி திரும்பவும் பின்னால்தான் படுக்கிறாள், என்னை மன்னித்துவிட்டாள் போலத் தெரிகிறது. கோழிகளின் கொண்டையில் சிவப்பு ஏறுகிறது. நேற்று நான்கில் மூன்று முட்டை இட்டன. சிவப்பியின் முட்டையைத் தின்னலாமா கூடாதா என்று தெரியாமல் தனியே ஒரு கோப்பைக்குள் எடுத்து வைத்திருக்கிறேன். இதற்கும் நீர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாமினிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. ஒரு கோழியால் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் வராது. இதை நான் எனக்குச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். சொன்ன கையோடு எழும்பிப் போய்க் கேற்றின் இரண்டு கொளுக்கியையும் திரும்பப் பார்த்துவிட்டு வந்தேன். போன இரண்டு தரமும் அவள் போனில் அழுதது காதுக்குள்ளேயே நிற்கிறது. அப்போது வீட்டில் நேர்ந்த கோழி ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை இருந்தது.

இரண்டையும் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவர் நீர். எது எது என்று உமக்குத் தெரியாமல் இராது. நாளைக்கு இல்லை, அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது திரும்பவும் சிவப்பியைத் தூக்கிப் பிடிப்பேன். வடிவாகப் பாரும். பார்த்துவிட்டு, சாமினிக்கும் கேட்கிற மாதிரி, இதுதான் அந்தோனியாருடையது என்று சொல்லும். போனதுதான் அது என்று உமக்குத் தெரிந்தாலும் அப்படியே சொல்லும். எனக்கு உண்மை வேண்டாம், மேபல். நீர் பொய் சொல்கிறீர் என்று எனக்கு விளங்காத மாதிரிச் சொல்லும்.

சாமினியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடும். அவள் நித்திரையாக இருக்கும்போது போடும். முழித்திருந்தால், ஏன் என்று கேட்பாள்.

உம்மை நம்பி இருக்கும்,
ஹியூபேட்