அவள் வந்த பிறகு பார்க்கவிருந்த ஊர்

14 ஒக்டோபர் 1988, வெள்ளி. சில்க்போர்க்

காலையிலிருந்து தூறல். மொழிப் பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை. தபால்பெட்டியில் விளம்பரத் தாள்கள் மட்டும். வதனியை இங்கே எடுப்பதற்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த குளிரும் வரப்போகிறது. மனைவி கொழும்பில், நான் இங்கே.

அறைத் தோழன் அன்ரன் பழைய கார் ஒன்று வாங்கிய நாளிலிருந்து நிலைகொள்ளாமல் திரிகிறான். நாளைக்கு ரீபே போகவேண்டுமாம். டென்மார்க்கிலேயே ஆகப் பழைய ஊராம். மேல்மாடிச் சிவா அண்ணையும் வருகிறார். நான் மாட்டேன் என்றேன்.

"ஏன்ரா?"

"வதனி வந்தாப் பிறகு ரெண்டு பேருமாப் போறம்."

"கடலுக்குக் கூப்பிட்டாப்போலயும் இதைத்தானே சொன்னனீ. வந்த நாளிலயிருந்து இந்தத் தெருவைத் தவிர என்னத்தைப் பாத்தனீ?"

கடைப் பட்டியல் எழுதினேன். வாங்க: வெங்காயம், சவர்க்காரம், முத்திரை.

15, சனி. ரீபே

காரில் ஏற்றிவிட்டார்கள். மழை விட்டது, காற்று விடவில்லை. கல் பதித்த ஒழுங்கைகள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த செங்கல் வீடுகள். ஜன்னல்தோறும் சோடி சோடியாய்ப் பீங்கான் நாய்கள், தெருவைப் பார்த்தபடி. ஆற்றங்கரையில் பழைய வெள்ளங்களின் உயரம் குறித்த மரத்தூண். உச்சிக் குறி என் தலைக்கு நன்றாக மேலே. சிவா அண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்வளவு தண்ணி வந்தும் சனம் ஊரை விட்டிட்டுப் போகேல்லை" என்றார்.

பெரிய தேவாலயம். அதன் கோபுரத்தில் ஏறலாம். நீங்கள் போங்கோ, நான் கீழே நிற்கிறேன் என்றேன். சிவா அண்ணை திரும்பி வந்தார்.

"எனக்கும் மூண்டு பிள்ளையள் அங்க. நான் பாத்து வைச்சாத்தானே அதுகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம். வா."

ஏறினேன். சிவப்புக் கூரைகள். அதற்கப்பால் ஒரு மேடுகூட இல்லாத பச்சை வெளி. தொலைவில் சாம்பல் கோடாய்க் கடல். நெடுநேரம் பார்த்திருக்கிறேன். "தள்ளி நில்லன்ரா, அங்கால இடம் கிடக்கு" என்று அன்ரன் சொன்ன பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்றிருக்கிறேன்.

இறங்கி, தள்ளுவண்டியில் சிவப்பு சொசேஜ். இறைச்சி தொடாத சிவா அண்ணைக்கு வெறும் பாண். நன்றாகச் சிரித்தோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

16, ஞாயிறு

வெயில், கடுங்குளிர். சமைக்கும்போதெல்லாம் அவளுக்கு என்னென்ன சொல்வது என்ற யோசனை. முதலில் பீங்கான் நாய்கள். பிறகு கடல்.

பி.ப. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். வதனி தங்கியிருக்கும் வீட்டு அன்ரி பேசினார்.

"தம்பி, வதனி வியாழக்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போட்டா. இன்னும் எவ்வளவு காலம் ஆரின்ரையோ வீட்டில கிடக்கிறதெண்டு ஒரே அழுகை. மறிச்சுப் பாத்தன், கேக்கேல்லை."

அங்கே அவள் வீட்டில் தொலைபேசி இல்லை. சுற்றவர இந்தியப் பட்டாளம். போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டேன்.

"தெரியாது, அப்பு. கடிதம் போடுறனெண்டவ."

இரைச்சல். பிறகு மறுபடி அன்ரியின் குரல்.

"நீர் அனுப்பின குளிர்ச் சட்டை இஞ்சதான் தொங்குது. அங்கத்தை வெக்கைக்கு என்னத்துக்கெண்டு விட்டிட்டுப் போட்டா. ஆருக்கும் குடுக்கட்டோ?"

"வேண்டாம், அன்ரி. மடிச்சு வையுங்கோ."