தீபாவளி வரை நின்ற பாலம்

கண்டி,
09.02.2025

அன்புள்ள றலியா ராத்தாவுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் நிஸாம் நானாவும் அக்குறணையில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். பூக்கடையும் இருக்கிறது.

நம்ம கடைகளுக்குப் பக்கத்தில், தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். ரயிலை நிறுத்தமாட்டார்களாம், ராத்தா. ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள்தான் வேலை. விசில் ஊதினால் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். நேற்றுக் கழற்றிய கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். முறுக்கு மாதிரி நொறுங்கியது.

போன செப்டம்பரிலேயே தொடங்க இருந்த வேலை. பாலத்தை மூடினால் தீபாவளி யாவாரம் படுத்துவிடும் என்று கடை கடையாகக் கையெழுத்து வாங்கி, மனுக் கொடுத்துத் தள்ளிப்போட வைத்தவள் நான். நானா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "கைப்பிடி உக்கிப் போச்சு தங்கச்சி. ஒரு நாளைக்கி ஆள் உழும்" என்றார். தீபாவளிக்கு நாலு நாள் இருக்க, என் வீட்டுக்காரர்தான் அதில் சாய்ந்து தண்டவாளத்தில் விழுந்தார்.

செத்தவீட்டுக்கு வந்த நானாவை, அத்தனை பேர் முன்னால், "உங்க கரிநாக்குதான் அவரக் கொண்டுபோச்சு" என்று கத்தினேன். அதனால்தான் நீங்கள் கடையை மூடிக்கொண்டு போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?

உங்கள் தங்கச்சி
ராஜேஸ்வரி

அக்குறணை,
23.02.2025

ராஜேஸ்வரி அக்காவுக்கு,

றலியா மாமிக்குக் கை முறிந்திருப்பதால், மருமகள் ஜஹானா எழுதுகிறேன். அவர் சொன்னது அப்படியே:

"தங்கச்சி, செத்தவீட்டுல பேசினத நான் அண்டைக்கே மன்னிச்சிட்டேன். புருஷனப் பறிகுடுத்தவ என்னதான் பேசமாட்டா? ஆனா இவர் அதுக்குப் பொறகு ஒருத்தருக்கும் 'கவனம்' எண்டு சொல்றதில்ல. போன கிழம மழ ஈரத்துல, பாசி புடிச்ச படிக்கட்டால நான் எறங்கினேன். பாத்துக்கொண்டே நிண்டார். வாய் தொறக்கல்ல. உழுந்துட்டேன். ஏன் சொல்லல்ல எண்டு கேட்டா, 'சொன்னா நடந்துரும்' எண்டு அழுறார். நீங்க வர வேணாம். ஒங்களக் கண்டா அவருக்கு இந்தப் பயம் இன்னும் கூடும்."

ஜஹானா

கண்டி,
04.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

நான் வரவில்லை. நோன்பு நாளில் உங்கள் மனதை நோகடிக்கவும் எழுதவில்லை. கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பால வேலையை வேடிக்கை பார்க்கக் கூடி நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னேன்: "மனு கொண்டுபோனது நான். நானா சொன்னது சரி. அவர் நாக்குல ஒரு குத்தமும் இல்ல." பழக்கடை தனபாலன், "விடுங்கக்கா, ஆனது ஆயிருச்சு" என்றான். கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் புதுத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

நானா தானாக என் பேச்சை எடுத்தால் மட்டும் இதை வாசித்துக் காட்டுங்கள். எடுக்காவிட்டால் உங்களிடமே இருக்கட்டும்.

ராஜேஸ்வரி