புடைப்பு இல்லாத குடலிறக்கம்

12.8.81, புதன் இரவு

காளவாசலில் மூட்டை தூக்கும் திருவாதவூர்க்காரருக்கு இன்று மதியம் வயிற்றைத் திறந்தேன். குடலைத் தாங்கும் சவ்வில் பிறவியிலேயே ஒரு ஓட்டை. குடல் அதற்குள் நுழைந்து சிக்கி, ஒரு முழம் கறுத்துப் போயிருந்தது. வெட்டித் தைத்திருக்கிறேன். பிழைப்பாரா, தெரியவில்லை.

திங்கட்கிழமை வாந்தியும் வீங்கிய வயிறுமாக வந்தார். தொடையிடுக்கில் புடைப்பு இல்லை, பழைய ஆபரேஷன் தழும்பும் இல்லை. குடலிறக்கமாக இருக்காது என்று ட்ரிப் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். இன்று நாடி படபடத்த பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

வந்த அன்றே, விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவியதாக அவர் மனைவி சொன்னாள். வார்டே கேட்கும்படி அவளைத் திட்டினேன்.

"போன மாசமும் இப்படித்தேன் வலிச்சுச்சு சார். குடல் ஏறிக்கிருச்சுன்னு நீவி விட்டேன், சரியாப் போச்சு" என்றாள்.

இன்று ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "நான் நீவுனதுலதேன் குடலு கெட்டுப் போச்சா சார்?"

இல்லையம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால், பிறகு எதனால் என்று கேட்பாள். பேசாமல் நடந்துவிட்டேன்.

இந்நேரம் அவள் வார்டு வாசலில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.