ஒரு துளை தள்ளி

மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது. கழற்றிய போல்ட் பன்னிரண்டு, விரிசல் விட்ட மூடி ஒன்று, புத்தியுள்ள ஆள் இந்த ஷெட்டில் பூஜ்யம்.

நட்டு,

அம்மா நலம், இடது மணிக்கட்டைத் தவிர. கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். நான் உடம்பால் நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, லிஃப்ட் கம்பெனியில் பயிற்சி எப்படிப் போகிறது, எல்லாம் கேட்டதாக வைத்துக்கொள். போனில் எனக்குக் கத்த மட்டும்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். இப்போதும் கோபத்தில்தான் இருக்கிறேன், கடைசிவரை படி, கோபம் யார் மேல் என்று நடுவில் மாறும்.

உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன், ஆத்திரத்தில் எனக்கு அப்படித்தான் ஓடும். நம் கிழட்டு வண்டியில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் ஆள் இறங்கி, முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் இருக்கும் ஹப்பின் டயலைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒன்று பூட்டி ஒன்று பூட்டாவிட்டால் முன்பக்கம் இழுக்கவே இழுக்காது. டயல் எழுத்து தேய்ந்து ஒன்றும் தெரியவில்லை என்று, நீ ஊருக்குக் கிளம்பும் முன்னால் உன் சிவப்பு நெயில் பாலிஷில் இரண்டு ஹப்பின் மூடியிலும் பூட்டும் இடத்துக்கு நேராகப் பொட்டு வைத்தாய். போன வாரம் வியாழக்கிழமை மழையில் அம்மா மேட்டுப் பண்ணைக்கு மாட்டுக்கு ஊசி போடப் போனாள். களிமண் ஏற்றத்துக்கு முன்னால் இறங்கி, இரண்டு டயலையும் பொட்டுக்கு நேராகத் திருப்பி, உள்ளே நாலு சக்கரத்துக்கான குட்டி லீவரையும் போட்டுத்தான் ஏறியிருக்கிறாள். பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பின்னாலேயே வந்து பள்ளத்தில் இறங்கி, வலது முன்சக்கரம் பாறையில் மோதி நின்றது. பாறை இல்லையென்றால் கீழே ஓடை, அதை எழுதக் கை வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது இடது ஹப் பூட்டியிருந்தது, வலது ஹப் பூட்டவில்லை, டயல் மட்டும் உன் பொட்டுக்கு நேராகக் கச்சிதமாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பொட்டு வைக்கத் தெரியாதவள் எதுக்குடி ஸ்பேனரத் தொடுறே, உங்கம்மாவக் கொல்லப் பாத்தியா என்று கேட்டேன். நீ சாரிப்பா, நான்தான் தப்பா வச்சிருப்பேன் என்றாய். நான்கு முறை சொன்னாய்.

இன்று காலை புது ஹப் மாட்ட உட்கார்ந்தேன். உதிரிபாகக் கடைக்காரர் ஒண்ணுதானே உடைஞ்சிருக்கு, ஒண்ணு மட்டும் மாத்துங்க சார் என்றார், பிறகு ஆட்டோமேட்டிக் போட்டுக்குங்க, மேடம் இறங்கவே வேணாம் என்றார். ஜோடியாக மாற்றாத வேலை வேலையே இல்லை என்று அவரிடமும் எரிந்து விழுந்துவிட்டுக் கையால் பூட்டுவதையே இரண்டு வாங்கிவந்தேன். வலது பக்கத்துப் பழையதைக் கழற்றும் முன் மண்ணெண்ணெயில் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து கடுகளவு இரண்டு சிவப்புப் புள்ளி வந்தது. மூடியின் விளிம்பில் ஒன்று, ஹப்பின் உடம்பில் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் இல்லை. சரியாக ஒரு துளை தள்ளி இருந்தன.

யார் தள்ளியது? நவம்பரில் பேரிங்குக்கு கிரீஸ் வைக்க அந்த மூடியைக் கழற்றி மாட்டியவன் நான். ஆறு துளை, எப்படி வைத்தாலும் உட்காரும், உட்கார்ந்தது. மூடி ஒரு துளை தள்ளினால் அதிலிருக்கும் உன் பொட்டும் தள்ளிப் போகும், டயல் பொட்டுக்கு நேராக நின்றாலும் உள்ளே பூட்டாது. அதன் பிறகு மழையே இல்லாததால் யாரும் ஹப்பைத் தொடவில்லை. மூடியக் கழட்டினா புள்ளிக்குப் புள்ளி பாத்து மாட்டுப்பா என்று நீ பஸ் ஏறும்போதுகூடச் சொன்னாய், பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு வாங்கினவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று சிரித்தேன். உனக்குச் செல்லப் பெயர் நட்டு, கழண்டது எனக்கு.

சரி, இப்போது உன் மேல் இருக்கும் கோபம். புள்ளி வைத்தவள் நீ. சரியாக வைத்தோம் என்று உனக்குத் தெரியும். பிறகு ஏன் சாரி சொன்னாய்? மூடியக் கழட்டினியாப்பா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உன் சாரியை நம்பி ஆறு நாள் அந்தச் சக்கரத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். துடைக்காமல் கழற்றி எறிந்திருந்தால் புது ஹப்பையும் அதே லட்சணத்தில்தான் மாட்டியிருப்பேன், குற்றவாளி நீ என்றுதான் சாகும்வரை சொல்லியிருப்பேன். நீ லிஃப்ட் மாட்டுகிறவள். நாளைக்கு அங்கே ஒரு மேலாளர் கத்துவான், நீ சாரி சொல்லுவாய், உண்மையான தப்பு அப்படியே உள்ளே இருக்கும், அதில் மனிதர்கள் ஏறுவார்கள். எவன் கத்தினாலும் முதல் வார்த்தை, கழட்டிப் பாக்கலாம் சார். அதற்குப் பிறகுதான் சாரி, அதுவும் உன் தப்பாக இருந்தால்.

இதையெல்லாம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நீங்க கத்துற கத்துக்கு அந்தப் பாறையே சாரி சொல்லும் என்றாள். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள், அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், நீங்க குரல ஒசத்தினா போதும், என்னன்னே கேக்காம சாரி சொல்லிடுவா, யார் பழக்கினது? எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, மாற நேரம் இருக்கிறது என்று சொன்னேன். பாப்போம் என்றாள்.

நன்றாக இரு. உன் கை சொன்னதை உன் வாய் மறுக்காமல் இருக்கட்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது. கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டின் வார் கிழிந்திருக்கிறது என்றாயே, மாற்றிக் கேள், சிரித்துக்கொண்டு கேட்காதே. நான் செய்யப் போவது:

1. புது ஹப் இரண்டையும் மாட்டுவது. மூடிக்கும் உடம்புக்கும் நானே உளியால் அடையாளம் அடிப்பது, அடையாளம் பார்த்தே மாட்டுவது.

2. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பூட்டி, அச்சு கூடவே சுற்றுகிறதா என்று அம்மா கண் முன்னால் காட்டுவது.

3. புதன்கிழமை அவள் மறுபடி அந்த ஏற்றத்துக்குப் போக வேண்டும். கட்டுப் பிரிக்கும்வரை வண்டி ஓட்டுவது நான். இறங்கி டயலைத் திருப்புவது அவள்தான், வலது கை போதுமாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

4. பழைய மூடியைத் தூக்கி எறிவதில்லை. ஷெட் கதவில் ஆணியடித்து மாட்டுவது, என் கண்ணில் படும் உயரத்தில்.

5. நாளை காலை பத்து மணிக்கு உனக்குப் போன். தப்பு என்னுது என்று சொல்வேன். பரவால்லப்பா என்று உடனே முடித்துவிடாதே. போன ஞாயிறு நான் பதினொரு நிமிடம் கத்தியதாக போன் காட்டுகிறது. நாளைக்கு அந்தப் பதினொரு நிமிடமும் உன்னுடையது.

அப்பா